மான் வேட்டை: சட்டம் கேட்கும் அளவும் மார்க்கம் கேட்கும் இரக்கமும்

இங்கிலாந்தில் பணிபுரியும் என் தங்கை மகன் விடுமுறைக்குக் கோவளம் வந்திருந்தான். "மாமா, அங்கே மான் வேட்டைக்குப் போக எண்ணியிருக்கிறேன். நண்பர் தம்முடைய 0.223 துப்பாக்கியைத் தருகிறார். சுட்ட மான் ஹலால் ஆகுமா?" என்று கேட்டான்.

நம் நாட்டில் இக்கேள்விக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை எந்த ஆயுதத்தாலும் வேட்டையாடக் கூடாது. இங்கிலாந்திலோ நிபந்தனைகளோடு அது அனுமதிக்கப்பட்டுள்ளது. 1991ஆம் ஆண்டின் மான்கள் சட்டப்படி துப்பாக்கியின் குழல் விட்டம் 0.240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குழலை விட்டு வெளியேறும் குண்டுக்கு 1,700 அடி-பவுண்டு ஆற்றலாவது இருக்க வேண்டும். அது உடலுக்குள் விரியும் மென்முனை அல்லது குழிமுனைக் குண்டாகவும் இருக்க வேண்டும். முன்ட்ஜாக், சீன நீர்மான் ஆகிய சிறிய இனங்களுக்கு மட்டுமே 0.220 போதும். ஆகவே, மற்ற மான்களுக்கு அந்த நண்பரின் துப்பாக்கி சட்டவிரோதமானது.

"குறி தப்பாதவனுக்குச் சிறு குண்டே போதும்" என்பார் உண்டு. ஆனால் காற்று வீசும், மான் அசையும். வலுவற்ற குண்டு பட்ட மான் புதருக்குள் ஓடி, நெடுநேரம் துடித்துச் சாகும். அறுக்கும்போதும் அழகிய முறையைப் பேணுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு வேதனையைக் குறையுங்கள் என்பதே நபி (ஸல்) அவர்களின் போதனை. கத்தியைத் தீட்டுவது எதற்காகவோ, தகுந்த துப்பாக்கியைத் தேர்வதும் அதற்காகவே. எனவே அச்சட்டத்தைப் பேணுவதை நான் அரசுக்கு அஞ்சும் செயலாக மட்டும் கருதவில்லை. அது மார்க்கக் கடமையோடும் சேர்ந்தது.

இனி ஹலால் பற்றி. எறியப்பட்டது முனையால் துளைத்தால் உண்ணலாம், பக்கவாட்டில் மோதிக் கொன்றால் அது அடிபட்டுச் செத்தது என்பது அதீ பின் ஹாத்திம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. துப்பாக்கிக் குண்டு இவ்விரண்டில் எதைச் சேரும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. துளைக்கிறது, ஆகவே கூடும் என்பர் சிலர். மோதிக் கொல்கிறது, ஆகவே உயிர் போகுமுன் அறுத்தால்தான் கூடும் என்பர் வேறு சிலர்.

ஆகவே அவனிடம் சொன்னேன்: "பிஸ்மில்லாஹ் கூறிச் சுடு. கூரிய கத்தி கையில் இருக்கட்டும். விழுந்த மானிடம் உடனே போ. உயிர் இருந்தால் முறைப்படி அறு. போகுமுன் இறந்துவிட்டால், நீ நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவெடு. இதற்கெல்லாம் முன்னதாக, அந்தத் துப்பாக்கியை நண்பரிடமே விட்டுவிடு."

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.