ஏழு நாள் நியமம்

தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் நம்மவர் செய்துகொள்ளும் சங்கற்பங்களுள் மிகக் குறுகிய ஆயுளை உடையது தேகாப்பியாசம் பற்றிய சங்கற்பமே எனலாம். "இனி நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து ஒரு மணி நேரம் நடப்பேன்" என்று தொடங்குபவர், இரண்டாம் வாரத்திலே ஒரு மழைநாளைக் காரணங்காட்டி நின்றுவிடுகிறார். அவரைச் சோம்பேறி என்று குறை கூறுதல் எளிது. அவர் ஏற்ற விரதத்தின் அளவே குற்றமுடையது என்பது என் கருத்து. முடிவில்லாத காலத்துக்கு ஒரு பெருஞ்சுமையைத் தலையில் ஏற்றியவன், ஒருமுறை அதனை இறக்கிவைத்துவிட்டால் மீண்டும் தூக்க மனங்கொள்வதில்லை.

இதற்கு மாற்றாக ஒரு முறையை ஆசிரியர்களும் மாணவர்களும் ஆராய்ந்து பார்த்தல் நன்று. ஒரு வாரத்துக்கு ஒரு சிறு செயல்; ஏழு நாட்களுள் ஐந்து நாளேனும் அதனைச் செய்வேன் என்று தன்னோடு தானே கட்டும் பந்தயம். அவ்வளவே. வாரம் முடிந்ததும் அப்பந்தயம் முடிந்துவிடும். வேண்டுமாயின் அடுத்த வாரம் வேறொன்று தொடங்கலாம்.

ஏன் வாரக் கணக்கு? ஒரு நாள் தவறினாலும் எஞ்சிய நாட்களில் ஈடுசெய்ய இடமுண்டு; முடிவும் கண்ணுக்கெட்டிய தூரத்திலே தெரிகின்றது. உலக சுகாதார நிறுவனமும் 2020 ஆம் ஆண்டிலே வெளியிட்ட வழிகாட்டலில் வளர்ந்தோருக்கு வாரக் கணக்கையே கொண்டது. மிதமான உழைப்பாயின் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். கடும் உழைப்பாயின் 75 முதல் 150 நிமிடம். தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரு நாளேனும். ஒருமுறையில் பத்து நிமிடத்துக்குக் குறைந்த உழைப்பைக் கணக்கிற் சேர்க்கலாகாது என்றிருந்த பழைய விதி அவ்வழிகாட்டலிலே கைவிடப்பட்டது. ஐந்து நிமிட நடையும் கணக்கில் ஏறும் என்பது காலமற்றோர்க்கு எத்துணை ஆறுதல்!

"நம் பாட்டன்மார் எந்தத் தேகாப்பியாசம் செய்தார்கள்?" என்று வினவுவார் உளர். துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீரிறைத்தவருக்கும், உரலிலே நெல்லுக் குத்தியவருக்கும், பத்து மைல் துவிச்சக்கரவண்டி மிதித்துப் பாடசாலைக்குச் சென்ற ஆசிரியருக்கும் தனியே ஒரு பயிற்சி எதற்கு? வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்திலே உண்ணும் அளவைப் பற்றியே பெரிதும் பேசினார். உடலுழைப்பை விதித்துக் கூறவேண்டிய தேவை அவர் காலத்தில் எழுந்திராது என்றே கொள்ளவேண்டும். இன்றோ நீர் இறைப்பது மோட்டார், மாவரைப்பது மின்சாரம், சந்திக்குச் செல்வதற்கும் மோட்டார்ச் சைக்கிள். உழைப்பு வாழ்வினின்றும் நழுவிவிட்டது. நம் நாட்டில் நிகழும் மரணங்களுள் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் விளைவன என்பதை இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

வாழ்வோடு கலந்த உழைப்பின் பயனை 1953 ஆம் ஆண்டிலேயே ஜெரி மொரிஸ் என்ற பிரித்தானிய மருத்துவ அறிஞர் எடுத்துக்காட்டினார். இலண்டன் மாநகரின் மாடி பஸ்களிலே நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களிடையே இருதய நோய் குறைவாக இருந்ததை அவர் கண்டார். நடத்துநர் எவரும் விரதம் பூண்டு படியேறினாரல்லர். தொழில் அவரை ஏற்றியது. தொழில் ஏற்றாத நம்மை ஒரு சிறு நியமம் ஏற்றவேண்டியிருக்கிறது.

ஆயினும் பேரெண்களைக் கண்டு மருளலாகாது. நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி நடக்கவேண்டும் என்று இன்று பலரும் ஓதுகின்றனர். அவ்வெண், 1965 ஆம் ஆண்டளவில் ஜப்பானிலே விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரோடு பரவியது, ஆராய்ச்சியிற் பிறந்ததன்று. அமெரிக்காவில் வயது முதிர்ந்த பெண்களை ஆராய்ந்து ஐ-மின் லீ குழுவினர் 2019 இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ 2,700 அடி நடந்தோரிலும் 4,400 அடி நடந்தோரிடையே மரணம் குறைவாகவே காணப்பட்டது. 7,500 அடிக்கு மேல் அந்நன்மை பெரிதும் கூடவில்லை. சிறிது கூட்டினாலும் பயன் உண்டு என்பதே நமக்குரிய பாடம்.

கனடா நாட்டு விமானப்படையினருக்காக 1950களின் பிற்பகுதியில் வில்லியம் ஓர்பன் வகுத்த முறையும் இதனையே வற்புறுத்துகிறது. கருவி எதுவும் வேண்டாத ஐந்து பயிற்சிகள். நாளுக்குப் பதினொரு நிமிடம். கீழ்ப்படியிலே தொடங்கி, அப்படி எளிதானபின்பே மேற்படிக்குச் செல்லவேண்டும். அயலானைப் பார்த்து ஏறுதல் அம்முறைக்குப் பகை.

நம் வாரப் பந்தயங்கள் எவ்வாறு அமையலாம்? முதல் வாரம், இராச் சாப்பாட்டின் பின் பத்து நிமிட நடை. இரண்டாம் வாரம், கையூன்றாமல் கதிரையிலிருந்து பத்துமுறை எழுந்து அமர்தல். மூன்றாம் வாரம், ஒரு மைலுக்குட்பட்ட பயணங்களுக்கு மோட்டார் வண்டியைத் தொடாமை. நான்காம் வாரம், சுவரிற் கையூன்றித் தள்ளும் பயிற்சி. ஒன்று கைவந்தபின் மற்றொன்று. இருதய நோயோ நீரிழிவோ உடையவர் முன்னதாக வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும். நெஞ்சு நோவு கண்டால் உடனே நிறுத்தல் வேண்டும்.

பெண்களின் நிலை வேறு. "வீட்டுவேலை போதாதா?" என்று அவர்கள் கேட்பது நியாயமே. மூச்சு வேகமாகும் வண்ணம் செய்யும் வேலையும் பயிற்சிதான். ஆனால் பாடசாலையிலும் அடுக்களையிலுமாகப் பகலைக் கழிக்கும் ஓர் ஆசிரியைக்குத் தன் உடம்புக்கென்று அரைமணி நேரம் எங்கே கிடைக்கிறது? அதனை வீட்டிலுள்ள ஆடவரே கொடுத்தாக வேண்டும். மாலையிலே தனியே வீதியில் நடக்கும் பெண்ணைப் பார்த்துப் பேசும் ஊர்வாயும் அடங்கவேண்டும். பாடசாலை மைதானங்களை மாலையில் ஊரவர்க்குத் திறந்துவிட்டால் இவ்விடர் பாதி தீரும்.

மைதானம் என்றதும் மாணவர் நினைவு எழுகின்றது. ஐந்து வயது முதல் பதினேழு வயதுவரை உள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி அறுபது நிமிட உழைப்பு வேண்டும் என்று முற்கூறிய வழிகாட்டல் விதிக்கின்றது. நம் பாடசாலைகளிலோ, பரீட்சை நெருங்கியதும் முதலிற் பலியாவது உடற்கல்விப் பாடவேளையே. புலமைப்பரிசிலுக்கு ஆயத்தமாகும் பத்து வயதுப் பிள்ளை பாடசாலை விட்டதும் தனியார் வகுப்புக்குச் செல்கிறது; கிளித்தட்டு விளையாட அதற்கு மாலை இல்லை. இந்த அநியாயத்தை ஆசிரியர்களாகிய நாம் தடுக்காவிடின் வேறு யார் தடுப்பர்?

வகுப்புக்கொரு வாரப் பந்தயம் வைத்துப் பார்க்கலாம். ஆனால் முதலிடம், கடைசியிடம் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டலாகாது. ஓடமுடியாத பிள்ளை ஒருமுறை நாணமுற்றால் ஆயுள் முழுவதும் மைதானத்தை வெறுக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் கொப்பியிலே தன் கணக்கை எழுதட்டும். சென்ற வாரத்துத் தன்னையே வெல்லட்டும்.

ஒரு வாரத்திலே பழக்கம் வேரூன்றிவிடுமா? ஊன்றாது. 2010 ஆம் ஆண்டில் வெளியான ஓர் இலண்டன் ஆய்விலே, ஒரு செயல் தானே நிகழும் பழக்கமாவதற்கு நடுக்கணக்கில் 66 நாள் பிடித்தது. சிலர்க்கு 18 நாள், சிலர்க்கு 254 நாள் எனக் கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதும் கெடுக்கவில்லை என்பதே அதிற் கருதத்தக்கது. ஆகவே ஒரு நாள் தவறியவர் அதனைத் தோல்வியென்று கொண்டு விட்டுவிட வேண்டுவதில்லை. சிறு வாரங்கள் பத்து அடுக்கினால் எழுபது நாள் ஆகின்றது.

நல்ல நாள் பார்த்துத் தொடங்க விரும்புவோர் வருகின்ற திங்கட்கிழமையையே கொள்ளட்டும். கையிலுள்ள இப்பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு இன்றே படலைவரை நடந்து மீள்பவர்க்கு அந்தத் திங்களும் வேண்டுவதில்லை.