இரண்டு டிக்கெட் எடுத்தால் லாபம் என்கிறவர்களுக்கு



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி வீடியோ ஒன்றைப் பகிர்ந்திருந்தான். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரே டிக்கெட் எடுக்காமல், நடுவில் உள்ள ஊர் வரைக்கும் ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று தனித்தனியாக எடுத்தால் பத்தாயிரம், பதினைந்தாயிரம் மிச்சமாம். அதற்குக் கீழே நாற்பது பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தீர்கள். அதில் பாதிப் பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவர்கள். கழித்தலைச் சொல்லிக்கொடுத்த நான், எதைக் கழிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. ஆகவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் என் வீட்டுக் கதை. உறவினர்கள் பலருக்குத் தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது.

என் அண்ணன் தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு காலமானார். அவருடைய ஒரே மகன் லண்டனில் இருக்கிறான். விடியற்காலை எனக்குப் போன் செய்தான். "சித்தப்பா, மதுரை வரைக்கும் ஒரே டிக்கெட்டா எடுத்தா பதினோராயிரம் கூட வருது. மும்பை வரைக்கும் ஒண்ணு, அங்கேருந்து மதுரைக்கு ஒண்ணுன்னு போட்டா கம்மி. எப்படிப் போடட்டும்?" என்றான்.

நான் சொன்னேன்: "எது கம்மியோ அதைப் போடுப்பா. மொதல்ல கெளம்பு."

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுத்த வாய். அப்படித்தான் வரும்.

லண்டனில் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். மும்பையில் அவன் வைத்திருந்த இடைவெளி நாலு மணி நேரம். இறங்கி, குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டி வரும் வரை காத்திருந்து, சுங்கம் தாண்டி, டாக்சி பிடித்து இன்னொரு டெர்மினலுக்கு ஓடினான். கவுன்டர் மூடிவிட்டது. "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை, டிக்கெட் காலாவதி" என்றார்கள். முதல் நிறுவனத்தைக் கேட்டால், "உங்களை மும்பையில் இறக்கிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரி. அதுதான் கொடுமை.

தீபாவளி நெரிசல். அன்றைக்கு மதுரைக்கும் இல்லை, திருச்சிக்கும் இல்லை, சென்னைக்கும் இல்லை. மறுநாள் மாலைதான் சீட் கிடைத்தது, பத்தொன்பதாயிரம் ரூபாய்க்கு. இங்கே ஊர்ப் பெரியவர்கள், சனிப்பிணம் தனியாகப் போகாது, வெள்ளிக்கிழமையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். மூன்று மணிக்கு எடுத்தோம். என் மகன் கொள்ளி வைத்தான். பெற்ற மகன் மும்பை விமான நிலையத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தான். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, காலியாக இருந்த திண்ணையைப் பார்த்தபடி நின்றான்.

மிச்சம் பிடித்தது பதினோராயிரம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்போது பாடத்துக்கு வருகிறேன்.

ஒரே டிக்கெட் என்றால், உங்களைக் கடைசி ஊரில் சேர்ப்பதாக நிறுவனம் ஒப்பந்தம் செய்கிறது. முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியைச் சுங்கத்தில் காட்ட வேண்டியிருந்தாலும், பக்கத்திலேயே உள்ள டிரான்ஸ்ஃபர் கவுன்டரில் திரும்பப் போட்டுவிடலாம். தனித்தனி டிக்கெட் என்றால் அவை இரண்டு ஒப்பந்தங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் கிடையாது. நடுவில் உள்ள பள்ளத்துக்குப் பொறுப்பு நீங்கள்தான். அந்தப் பதினோராயிரம் தள்ளுபடி அல்ல. அந்தப் பள்ளத்தைத் தலையில் சுமக்க உங்களுக்குக் கொடுத்த கூலி.

இன்னும் கேளுங்கள். வெளிநாட்டு விமானத்தில் இரண்டு பெட்டி கொண்டுவந்திருப்பீர்கள். தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான். மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் அழ வேண்டும். நடுவில் இருப்பது வெளிநாடு என்றால், பெட்டியை எடுக்க வெளியே வர அந்த நாட்டு விசா தேவைப்படலாம். விசா இல்லையென்றால் திருச்சிக் கவுன்டரிலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள். போக, வர சேர்த்து எடுத்த டிக்கெட்டில் முதல் பயணத்தைத் தவறவிட்டால், பல நிறுவனங்கள் திரும்பி வரும் பயணத்தையும் ரத்து செய்துவிடும்.

"சார், நான் பத்துத் தடவை இப்படிப் போயிருக்கேன், ஒண்ணும் ஆகலை" என்று ஒருவன் எழுதியிருந்தான். சந்தோஷம். ரயில்வே கேட்டுக்குக் கீழே குனிந்து போகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

2024 அக்டோபர் 11 மறந்துவிட்டதா? திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றியது. 141 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள். அதே வருஷம் நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலுக்காகச் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் புதிய பணி நேர விதிகளுக்குச் சரியாகத் தயாராகாத இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. டிசம்பர் 5-ஆம் தேதி ஒரு நாளில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். ரத்தான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பும். அதை நம்பித் தனியாக எடுத்திருந்த அடுத்த விமானத்தின் பணத்துக்கு யார் பொறுப்பு? புயலும் கோளாறும் உங்கள் ஜாதகம் பார்த்து வருவதில்லை.

நம் ரயில்வேயைப் பாருங்கள். நாம் வையாத நாள் இல்லை. ஆனால் 2019 ஏப்ரல் 1 முதல், இரண்டு ரயில் டிக்கெட்டுகளின் பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொண்டால், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் இரண்டாவது டிக்கெட்டின் பணத்தைப் பிடித்தமின்றித் திரும்பப் பெறலாம். ஐரோப்பாவில் 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் விதிப்படி, ஒரே முன்பதிவில் போகிறவர் நிறுவனத்தின் தவறால் கடைசி ஊருக்கு மூன்று மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். அங்கேயும் ஒரே முன்பதிவு என்பதுதான் அடிப்படை. தனித்தனியாக எடுத்தவனுக்குப் பெரும்பாலும் நாதி இல்லை.

என் கோபம் பிள்ளைகள் மேல் அல்ல. இதை ஒரே பயணம் மாதிரிக் காட்டி, ஒரே முறை பணம் வாங்கிக்கொண்டு, "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" என்று எறும்பு எழுத்தில் போட்டு விற்கும் இணையதளங்கள் மேல். கமிஷனுக்காக வாயைத் திறக்காத ஏஜென்டுகள் மேல். அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் நிலத்தை அடமானம் வைத்து முதல் முறை விமானம் ஏறுகிறவனுக்கு அந்த வார்த்தை எப்படிப் புரியும்? "இவை தனித்தனி டிக்கெட்டுகள், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீண்" என்று தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்து, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்படிச் செய்யாமல் விற்பது ஏமாற்று என்றே சொல்வேன்.

டிக்கெட் எடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று: இது ஒரே டிக்கெட்டா, இரண்டா? இரண்டு: பெட்டிக்குக் கடைசி ஊர் வரை டேக் போடுவார்களா? மூன்று: முதல் விமானம் தாமதமானால் என்னை அடுத்ததில் ஏற்றுவது யார்? மூன்றாவது கேள்விக்கு ஏஜென்ட் தலையைச் சொறிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேறு வழியே இல்லையென்றால், நடுவில் ஓர் இரவு தங்குகிற மாதிரி இடைவெளி விடுங்கள். விசாவை முதலில் பாருங்கள். கைப்பையோடு போங்கள். பயணக் காப்பீடு எடுத்தால், தனி டிக்கெட்டில் தவறும் விமானத்துக்கும் பணம் தருவார்களா என்று நிபந்தனையைப் படியுங்கள். தவறிய டிக்கெட்டுக்கும் வரியும் விமான நிலையக் கட்டணமும் திருப்பித் தர வேண்டும் என்பது இந்தியாவில் விதி, கேட்டு வாங்குங்கள். சாவுக்கு, பிரசவத்துக்கு, கல்யாணத்துக்கு, வேலையில் சேர என்று நாள் தவறக் கூடாத பயணத்துக்கு மட்டும் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

அண்ணன் மகன் இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்கதானே சித்தப்பா சொன்னீங்க" என்று ஒரு முறை கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த வீடியோவை நாற்பது பேருக்கு அனுப்பியவர்கள் இதையும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்