கைவேலையா, கடைவேலையா?

கொஞ்சம் நீளமான பதிவுதான். பாதியில் ஓடிவிடாமல் படிக்கவும். வகுப்பில் ஓடியவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

போன வாரம் என் மகள் ஒரு கடைச் சீட்டைக் காட்டினாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்குப் பள்ளியில் 'கையால் செய்த பொங்கல் வாழ்த்து அட்டை' போட்டியாம். அதற்கு வாங்கிய சாமான்கள்: கிளிட்டர் ஷீட், ஃபோம் ஷீட், ஒட்டுகிற கரும்பு, ஒட்டுகிற பானை, ஒட்டுகிற மாடு, குளூ கன். மொத்தம் 460 ரூபாய். ராத்திரி பத்தரை மணி வரை மகள்தான் உட்கார்ந்து ஒட்டினாள். பேத்தி எப்போதோ தூங்கிவிட்டாள். காலையில் எழுந்து அவள் செய்த ஒரே வேலை, பின்பக்கம் தன் பெயரை எழுதியது. முதல் பரிசு கிடைத்தது.

பரிசு யாருக்கு? பேத்திக்கா, மகளுக்கா, கடைக்காரருக்கா? மகளிடம் கேட்டேன். "உங்க காலம் வேறம்மா" என்றாள். சரி, என் காலத்தையே சொல்கிறேன்.

மார்கழி பாதியிலேயே மதுரையில் நடைபாதையெல்லாம் பொங்கல் வாழ்த்துக் கடை முளைத்துவிடும். கயிறு கட்டி, கொக்கி மாட்டி, சாமி படம், எம்.ஜி.ஆர்., சிவாஜி, ஏர் உழவன், பொங்கல் பானை என்று தொங்கும். பெரும்பாலும் பக்கத்துச் சிவகாசி அச்சு. நாலணா, எட்டணா கொடுத்து வாங்கி, உறையை ஒட்டாமல் 'புக் போஸ்ட்' என்று எழுதிப் பெட்டியில் போடுவோம். அவையும் கடை அட்டைகள்தான். ஆனால் அவற்றை யாரும் கைவேலை என்று சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கியதை வாங்கியது என்றே சொன்னோம். நான் கடையில் வாங்குவதைக் குறை சொல்லவில்லை. வாங்கியதைப் பிள்ளை செய்தது என்று சொல்லி, அந்தப் பொய்க்குப் பிள்ளையையே கையெழுத்துப் போட வைப்பதைத்தான் சொல்கிறேன்.

"நேரம் எங்கே இருக்கு டீச்சர்?" என்பீர்கள். நேரமின்மை இன்று பிறந்ததல்ல. அச்சடித்து விற்ற முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் வெளியிட்டார். எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத அவருக்கு நேரமில்லை. விலை ஒரு ஷில்லிங். ஆக, நேரமில்லாதவர்களுக்கு 180 வருஷமாகவே கடை அட்டை இருக்கிறது. இப்போது அதைவிடச் சுலபமாக வாட்ஸ்அப் இருக்கிறது. தாராளமாக அனுப்புங்கள். ஆனால் 'கையால் செய்தது' என்று பெயர் வைத்தால், அதில் கை இருக்க வேண்டாமா?

இன்னொரு கேள்வி: 460 ரூபாய் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

இதை நான் ஊருக்கு உபதேசமாகக் கேட்கவில்லை. என் குற்றத்தை வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

மேலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது பொங்கல் அட்டைப் போட்டி வைத்தேன். பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற ஊர். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தை மடித்து, உள்ளே அன்று அறுத்த நெற்கதிர் ஒன்றைச் சோற்றுப் பசையால் ஒட்டிக்கொண்டு வந்தான். மணி உதிர்ந்து என் மேஜையெல்லாம் சிந்தியது. "என்னடா குப்பை, வெளிய வை" என்றேன். டவுனில் வாங்கிய ஜிகினா அட்டைக்கு முதல் பரிசு கொடுத்தேன். அடுத்த வருஷம் அவன் போட்டிக்கே வரவில்லை. கேட்டதற்கு, "எங்க வீட்ல சாமான் இல்ல டீச்சர்" என்றான்.

வயலே வீட்டு வாசலில் இருக்கிற பிள்ளையை, தன்னிடம் சாமான் இல்லை என்று நம்ப வைத்தவள் நான். அறுவடைத் திருநாளுக்கு நெற்கதிரைவிடப் பொருத்தமான அட்டை உண்டா? ஆசிரியர் பயிற்சியில் நான் படித்த முதல் பாடங்களில் ஒன்று, 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி. கைவேலை வழியாகப் பிள்ளை கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கினேன். வகுப்பறையில் தோற்றேன்.

சாமான் இல்லாத வீடு கிடையாது. எழுந்து பாருங்கள். பீரோ மேல் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கும். நல்ல கனமான அட்டை, ஒரு பக்கம் பெரும்பாலும் காலி. மாத காலண்டரின் பின்பக்கம் வெள்ளை வெளேர் என்றிருக்கும். தையற்கடையில் வெட்டுத் துணி கேட்டால் சும்மாவே தருவார்கள். கிழிந்த சுங்குடிச் சேலையில் உள்ளங்கையளவு வெட்டி ஒட்டினால் புள்ளி புள்ளியாக வானம் தயார். நம் ஊர்ச் சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. எந்த ஃபோம் ஷீட்டுக்கு அந்தப் பெருமை உண்டு? இரண்டு ஸ்பூன் மைதாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் கிண்டினால் பசை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தொட்டு வைத்தால் பூ. மஞ்சளைக் குழைத்தால் மஞ்சள் நிறம். அதில் பெரியவர்கள் துளி சுண்ணாம்பு சேர்த்துக் கொடுத்தால் சிவப்பு. அந்த நிறம் மாறுவதைப் பார்க்கும்போது பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். அதுவே ஒரு அறிவியல் பாடம். காப்புக் கட்ட வாங்கும் பூளைப்பூவில் ஒரு கொத்தை நோட்டுக்குள் வைத்து அழுத்தினால், அதைவிட நம் பக்கத்து அட்டை வேறு இல்லை.

ஜிகினாத் தூள் வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலானது பொடிப் பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே உதிரி பிளாஸ்டிக் கிளிட்டர் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டது. மண்ணையும் மாட்டையும் கும்பிடுகிற பண்டிகைக்கு அதைத் தூவுகிறோம் நாம்.

"அழகா இருக்காதே டீச்சர்" என்பது அடுத்த ஆட்சேபம். இருக்காதுதான். சூரியன் கோணலாக இருக்கும், மாட்டுக்குக் கால் மூன்றாக இருக்கும், 'வாழ்த்துக்கள்' என்று க் போட்டிருக்கும். இருக்கட்டும். ஏழு வயதுக் கை அப்படித்தான் வரையும். அதைத் திருத்தி நாம் வரைந்தால், அடுத்த முறை அந்தக் கை பென்சிலை நம்மிடம் நீட்டிவிட்டுப் போய்விடும்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. போட்டி வைத்தால் வகுப்பிலேயே ஒரு மணி நேரம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். கடைச் சாமான் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் பரிசையே எடுத்துவிட்டு, அட்டைகளைத் தபாலில் போட வையுங்கள். சாதாரண உறைக்கு 5 ரூபாய். அதுவும் வேண்டாமா, போஸ்ட் கார்டு இன்றைக்கும் 50 பைசாதான். முகவரியும் பின்கோடும் எழுதத் தெரியாத கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன்.

நேற்று பேத்தியை உட்கார வைத்தேன். அவள் அப்பா அம்மா கல்யாணப் பத்திரிகைதான் அட்டை. முக்கால் மணி நேரத்தில் ஒரு பானையும் ஒரு பூனையும் வரைந்தாள். "பொங்கலுக்குப் பூனை எதுக்குடி?" என்றேன். "பால் பொங்குதுல்ல பாட்டி" என்றாள்.

அந்த அட்டையை எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு நானும் அட்டை செய்கிறேன். வேண்டுவோர் முகவரியை இன்பாக்ஸில் அனுப்புங்கள், கமெண்டில் போடாதீர்கள். மேலூர்ப் பக்கத்து அந்த நெற்கதிர்ப் பையன் இதைப் படித்தால், தம்பி, உன் முகவரியை முதலில் அனுப்பு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்