வீட்டு சங்கீதம்

வெள்ளிக்கிழமை மாலை. டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரரின் செல்போனில் ரீதிகௌளை: 'ஜனனி நின்னுவினா'. பக்கத்து மீன்கடை இரைச்சலில் பாதிதான் கேட்டது.

இயற்றியவர் சுப்பராய சாஸ்திரி (1803-1862). சியாமா சாஸ்திரியின் மகன். தியாகராஜரிடமும் பாடம் கேட்டவர். தந்தையின் புகழ் நிழலில் மங்கிப்போனார். விட்டுச்சென்ற கிருதிகள் சொற்பம். அதே காலத்து ஷூபர்ட்டை வியன்னாவில் நண்பர்கள் வீடுகளில் கூடிக் கேட்டார்கள். சபாக்கள் வருமுன் இங்கும் வீடுகளே சங்கீதத்தைக் காத்தன. சாஸ்திரியிடம் கற்றவர் காமாட்சி; அவருடைய பேத்தி வீணை தனம்மாள் (1867-1938). சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் தனம்மாள் வாசிப்பார். மைக் கிடையாது. சிறு கூட்டம், மூச்சு விடவும் தயங்கிக் கேட்கும்.

கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்தேன். பேரம் நின்றது. சரணம் காதில் விழுந்தது.