வேலை ஒழுங்குக்கு ஆங்கிலப் பட்டியல் எதற்கு?

'டெட்லைன்', 'ப்ரியாரிட்டி', 'ஃபாலோ அப்', 'டைம் மேனேஜ்மென்ட்' என்று நாற்பது ஐம்பது சொற்களை மனப்பாடம் செய்துவிட்டால் வேலையில் ஒழுங்கு தானாக வந்துவிடும் என்றொரு நம்பிக்கை அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை ஊறிப்போயிருக்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் இதைச் சொல்லியே ஆள் சேர்க்கின்றன. ஐடிஐ முடித்துவிட்டு தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரும் பையனுக்கு வீட்டில் கிடைக்கும் அறிவுரையும் இதுதான். ஆங்கிலம் பேசினால் பதவி உயர்வு சீக்கிரம் வரும் என்று மட்டும் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். நம் ஆபீஸ்கள் அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் ஆங்கிலச் சொல் தெரிந்தவனுக்கே திட்டமிடத் தெரியும், தெரியாதவன் சொன்னதைச் செய்யத்தான் லாயக்கு என்று அதை நீட்டும்போது அது பொய்யாகிறது. அந்தப் பொய்யால் தினமும் நஷ்டம் ஏற்படுகிறது.

ஆங்கிலச் சொற்களோடு எனக்குப் பகை இல்லை. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது. 1965 கடைசியில் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வடிவமைத்த டாங்கி அது. அப்படிப்பட்ட வேலைக்கு ஆங்கில டிராயிங்கைப் படிக்கத் தெரிந்தே ஆக வேண்டும். டாலரன்ஸ், பேரிங், கீவே, ரன் அவுட் போன்ற சொற்களை எட்டாம் வகுப்போடு நின்ற டர்னர்கூடப் பிசகாமல் ஆளுகிறார். ஒவ்வொன்றும் கையால் தொடக்கூடிய ஒரு பொருளையோ மைக்ரோமீட்டரில் பார்க்கக்கூடிய ஓர் அளவையோ பிடித்துக்கொண்டு நிற்பதுதான் காரணம். 'ப்ரொடக்டிவா இருங்க', 'ப்ராப்பரா ஃபாலோ அப் பண்ணுங்க' என்பவற்றுக்கு அப்படி எந்தப் பிடிமானமும் இல்லை. யார், எதை, எத்தனை மணிக்குள் என்ற மூன்றையும் சொல்லாமலே ஒரு மீட்டிங்கை முடித்துவிட அவை உதவுகின்றன. எல்லோரும் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். மறுநாள் மெட்டீரியல் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று யாருக்கும் தெரிவதில்லை.

ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பாருங்கள். ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கு அந்தப் பத்து நிமிடத்தில்தான் தங்கியிருக்கிறது. எந்த மெஷினில் என்ன ஜாப் ஓடுகிறது, டூல் எப்போது மாற்றியது, எந்த அளவு விளிம்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது, எந்த ட்ரேயில் இருப்பது இன்னும் க்யூசி பார்க்காதது என்பதெல்லாம் உள்ளே வருகிறவருக்குத் தெரிய வேண்டும். வெளியே போகிறவர் மனதில் இவ்வளவும் தெளிவாக இருக்கிறது. லாக் புக்கை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்ட இடத்தில் அவர் என்ன எழுதுவார்? 'மெஷின் ஓகே.' அதற்கு மேல் எழுதப் பயம். எழுத்துப் பிழை வந்தால் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டுவார்களோ என்ற கூச்சம். தமிழில் எழுத விட்டிருந்தால், 'சாப்பாட்டுக்கு அப்புறம் ஓட்டினதும் முதல் நாலு பீஸ் ஓவர்சைஸ் வருது, சூடேறினதும் சரியாயிடுது, அந்த நாலையும் தனியா வையுங்க' என்று எழுதியிருப்பார். அந்த ஒரு வரி இல்லாமல் போனதால் நாலு பீஸ் நல்லதோடு கலந்து கஸ்டமர் வரை போகிறது, லாட் முழுவதும் திரும்பி வருகிறது. பிறகு நடக்கும் விசாரணையில் 'கம்யூனிகேஷன் கேப்' என்று எழுதி ஃபைலை மூடுகிறார்கள். அந்த இடைவெளியை உண்டாக்கியதே ஆங்கிலக் கட்டாயம்தான்.

பெண்களும் இதில் கடுமையாக அடிபடுகிறார்கள். ஏற்றுமதி ஆடை யூனிட்டில் லைன் பார்க்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு மணி போர்டில் டார்கெட் எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று எழுதுகிறார். காலர் தைக்கும் இடத்தில் பீஸ் தேங்குவதை மற்றவர்களுக்கு முன்பே பார்த்து, ஓவர்லாக்கில் இருந்து ஒருவரை அங்கே நகர்த்துகிறார். சொன்ன நேரத்துக்குச் சரக்கு கிளம்புகிறது. அவரையே இன்டர்வியூவில் உட்காரவைத்து, 'ஹவ் டு யூ ப்ரியாரிட்டைஸ் யுவர் டாஸ்க்ஸ்?' என்று கேட்டால் விழிப்பார். தமிழில் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பதில் சொல்லியிருப்பார். 'பிளானிங் போதாது' என்று தாளில் எழுதி அவரைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

வேலை ஒழுங்குக்குப் பெயர்போன நாடு ஜப்பான். 1950இல் அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் அங்கே போய்த் தரக் கட்டுப்பாடு பற்றி விரிவுரை நிகழ்த்தினார். கேட்டவர்கள் தொழிலாளிகளுக்கு ஆங்கிலப் பாடம் நடத்தக் கிளம்பவில்லை. விஷயத்தைத் தங்கள் மொழிக்குக் கொண்டுபோனார்கள். 1962இல் ஃபோர்மேன்களுக்கென்றே ஜப்பானிய மொழியில் ஒரு பத்திரிகை வந்தது. கவோரு இஷிகாவாவின் முயற்சியில், அதைச் சேர்ந்து படித்த சிறு குழுக்களாகத்தான் தர வட்டங்கள் வளர்ந்தன. டொயோட்டாவின் கான்பான் அட்டையைப் பாருங்கள்: எந்தப் பாகம், எத்தனை, எங்கிருந்து எங்கே என்பதைத்தான் அது சொல்கிறது. டெமிங் பெயரால் ஜப்பான் வழங்கும் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது அம்பத்தூருக்கு அடுத்த பாடியில் அப்போது இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998இல். தொழிலாளியின் தாய்மொழியில் வேர்விட்ட ஒரு முறை நம் வாசல் வரை வந்து பலன் காட்டிய பிறகும் சொல் பட்டியலை நம்புவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஜப்பானியச் சொற்களையும் நாம் பட்டியலாக்கிவிட்டோம் என்பது வேறு. வேலையிட ஒழுங்குக்கான ஐந்து ஜப்பானியச் சொற்களைப் போட்ட 'ஃபைவ் எஸ்' போஸ்டர் ஒட்டாத யூனிட் குறைவு. செய்ரி, செய்டோன் என்று ஐந்தையும் ஒப்பிப்பார்கள். அதே இடத்தில் 17ஆம் நம்பர் ஸ்பேனரைத் தேடி அரை மணி நேரம் போகும். ஒழுங்கான யூனிட்டில் சுவரில் ஒரு பலகை இருக்கும், ஒவ்வொரு டூலின் வடிவமும் அதில் பெயின்டால் வரைந்திருக்கும். ஸ்பேனர் திரும்பி வரவில்லையென்றால் அதன் இடம் காலியாகத் தெரியும். ஒடிசாவிலிருந்து நேற்று வந்த ஹெல்பருக்கும் அது புரியும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், தொழிற்சாலையில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று தன் 108ஆம் பிரிவில் சொன்னது. நோட்டீஸ் போர்டுக்குக் கிடைத்த அந்த நியாயம் லாக் புக்குக்கும் ஜாப் கார்டுக்கும் வர வேண்டும். தமிழர் தமிழில் எழுதட்டும், பீகாரிலிருந்து வந்தவர் இந்தியில் எழுதட்டும். இரண்டையும் படிக்கத் தெரிந்த ஆளை ஷிஃப்டுக்கு ஒருவராக வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. கஸ்டமர் மெயிலுக்கும் ஆடிட்டுக்கும் ஆங்கிலம் தேவை. அதை ஒரு மொழியாகவே, வேலை நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல் கம்பெனி சொல்லிக்கொடுக்கட்டும். பதவி உயர்வு இன்டர்வியூவை ஏசி அறையிலிருந்து ஷாப் ஃப்ளோருக்குக் கொண்டுவரட்டும். நாளைக்கு முடிக்க வேண்டிய ஜாப்களையும் ஓடும் மெஷின்களையும் வந்திருக்கும் ஆட்களையும் காட்டி, 'எதை முதலில் போடுவீர்கள், ஏன்?' என்று அவரவர் மொழியிலேயே கேட்கட்டும்.