வாழ்க்கை வரலாறும் மலையடிவாரச் சிறுவரும்

"பெரியோர் வரலாறு படியுங்கள், பெரியோர் ஆகுங்கள்" என்று பள்ளி விழா மேடைகளில் முழங்குவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். கேட்கின்ற சிறுவன் கைதட்டுகிறான், நூலகத்துக்குப் போவதில்லை. குற்றம் அவனுடையது அன்று, அந்த அறிவுரையினுடையது என்பதே என் துணிபு.

நம் போடிநாயக்கனூரை எண்ணிப் பாருங்கள். ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு காலையில் போடிமெட்டு ஏறும் ஜீப்புகள் திரும்புவது மாலையில்தான். கீழே ஊருக்குள் பெண்கள் ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்தம் பிள்ளைகளிடம் "காந்தியடிகளைப் போல் ஆகு" என்றால், அது எட்டாத மலைமுகடாகவே தோன்றும். படிப்பை விட்டுவிட்டு நாமும் ஜீப்பில் ஏறிவிடலாமா என்று எண்ணும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டியது புகழுரை அன்று. தன் வயதில், தன்னைப் போன்ற இடரில் நின்ற ஒருவரின் கதை.

நூலகத்தின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி அரங்கநாதனையே எடுத்துக்கொள்வோம். அவருக்குத் திக்குவாய். கணித ஆசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், வந்த சில நாளிலேயே சலித்துப்போய்க் கல்லூரிக்கே திரும்ப விரும்பினார்! அவரே 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பது அவற்றுள் ஒன்று. வகுப்பில் எழுந்து பேச நாணும் திக்குவாய்ச் சிறுவன் ஒருவனிடம் இவர் வரலாற்றைக் கொடுத்துப் பாருங்கள்.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' தடித்த நூல். அதை முழுதாகத் தூக்கிச் சிறுவன் மடியில் வைப்பது கொடுமை. முற்பகுதியை மட்டும் காட்டினால் போதும். பிழைப்புக்காகக் குடும்பம் ஊர் ஊராக மாற, போகுமிடமெல்லாம் தமிழ் சொல்லித்தர ஆளைத் தேடிய பையன் அவர். தோட்ட வேலைக்காகக் கேரளத்துக்கும் போடிக்குமாக அலையும் வீட்டுப் பிள்ளைக்கு இது அயலான கதையா? அப்பையன்தான் 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார்.

பெண்பிள்ளைகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில், எதிர்ப்புக்கிடையே சேர்ந்து படித்த அவர் 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இன்னொரு வழியும் உண்டு. கேள்வியிலிருந்து நூலுக்குப் போவது. 1895இல் முடிந்த பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் பெயரை அறியாத பிள்ளை தேனி மாவட்டத்தில் இராது. பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கலே வைக்கிறார்கள். சொத்தை விற்று அணை கட்டினார் என்று ஊரார் சொல்வார்கள். "அதற்கு ஆதாரம் என்ன?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டால், அவனை அடக்கிவிடாமல் நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். வழிபாட்டுக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அவன் அங்கே தானாகவே கண்டுகொள்வான். வரலாற்று மாணவனாகிய எனக்கு, பத்துப் புகழ்மாலைகளை விட அந்த ஒரு கேள்வி பெரிதாகப் படுகிறது.

இதையெல்லாம் நூலகர் செய்யட்டும் என்பார் உளர். கிளை நூலகத்தில் பதிவேடு எழுதுவதும், நாளிதழ் அடுக்குவதும், நூல் கொடுத்து வாங்குவதும் பெரும்பாலும் ஒருவர் தலையில்தான் விழுகின்றன. அவர் எந்தச் சிறுவனின் முகத்தைப் பார்த்து எந்த நூலை எடுப்பார்? நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாம் மரக்கன்று நடுகிறோம், தெருக் கூட்டுகிறோம். நன்று. ஞாயிறுதோறும் இருவர் நூலகத்தில் அமர்ந்து, வரும் சிறுவரோடு அரைமணி பேசி, ஏற்ற வரலாற்றில் ஏற்ற பக்கத்தைத் திறந்து கொடுக்க முடியாதா?

நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல உறுப்பினராக வேண்டும். அதற்குக் காப்புத்தொகையும் சந்தாவும் கட்ட வேண்டும். தொகை சிறிதுதான். ஆயினும் கூலி வீட்டில் அது கடைசியாகவே நினைவுக்கு வரும். ஆண்டுக்கு இருபது பிள்ளைகளுக்கேனும் நம் மாணவர் மன்றம் அதைச் செலுத்தலாகாதா என்று பேராசிரியப் பெருமக்களை இதன்வழிக் கேட்டுக்கொள்கிறேன்.