வலிக்குதுன்னு சொன்னா தப்பா?



"அந்தப் பொண்ணைப் பாரு, எவ்வளவு ஓடினாலும் முடியலைன்னு சொல்லவே மாட்டா!" நம் மைதானத்தில் அடிக்கடி கேட்கும் பாராட்டு இது. என்னையும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். கேட்க ரொம்பப் பெருமையாக இருக்கும். ஆனால் அந்தக் குணம் உள்ளவரைப் பாராட்டினால் மட்டும் போதாது, கவனித்துப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990-இல் தொழில்முறை டென்னிஸ் ஆட வந்தபோது அவருக்கு வயது 13. என்னைவிடச் சின்னவர்! அதே ஆண்டு பிரெஞ்சு ஓப்பனில் அரையிறுதி வரை போனார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்டெஃபி கிராஃபையே தோற்கடித்துத் தங்கம் வாங்கினார். ஆனால் 1993-இல், 17 வயதில், ஆட்டமே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். திறமை போய்விடவில்லை. அந்த வயதுக்குச் சுமைதான் அதிகம். 18 வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுக்கு இத்தனை போட்டிதான் ஆடலாம் என்று 1995 முதல் பெண்கள் டென்னிஸில் வரம்பு வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த கேப்ரியாட்டி, 2001-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் பட்டத்தை வென்றார்.

பயிற்சியில் தசை களைத்துப் போகிறது. ஓய்விலும் தூக்கத்திலும்தான் அது வலுவாகிறது. ஓய்வே இல்லையென்றால் எவ்வளவு ஓடினாலும் வேகம் குறைந்துகொண்டேதான் போகும். ராத்திரி தூக்கம் வராது. சும்மா சும்மா எரிச்சல் வரும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதானே! சோம்பேறிக்கு இந்த ஆபத்து இல்லை. பிடிவாதக்காரிக்கும், "தோத்துட்டா என்ன சொல்வாங்களோ" என்று பயப்படுகிறவளுக்கும்தான் ஆபத்து அதிகம். ஏனென்றால் அவள் வலியை மறைத்துக்கொண்டு ஓடுவாள்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று:

1. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும்.
2. பயிற்சிக்கு முன், "யாருக்கு எங்கே வலிக்குது?" என்று கேட்க வேண்டும்.
3. வலிக்குதுன்னு சொன்னவள் பெயரை உடனே அணியிலிருந்து எடுக்கக் கூடாது. சரியாகும் வரை காத்திருக்க வேண்டும்.

தோழிகளே, வலியைச் சொல்வது கோழைத்தனம் இல்லை!

கடைசியாக ஒன்று, பி.டி. சார். மூன்று வாரமாக எனக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்குது. 800 மீட்டரில் என் பேரை எடுத்துவிடுவீர்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. நேரில் சொல்லப் பயமாக இருந்தது. அதான் இங்கே எழுதிவிட்டேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி